‘பறக்கக் கூடாது’ என்று சொல்ல ஓர் அலுவலகம்

விமானம் தாமதமானாலும், தீபாவளிக்கு டிக்கெட் விலை இரண்டு மடங்கானாலும், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும், நம்மவர்கள் சமூக வலைத்தளத்தில் எழுதும் புகாரின் கடைசி வரியில் டிஜிசிஏவை இழுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் என்ற நீண்ட பெயரைக் கொண்ட அந்த அலுவலகம், டெல்லியில் சஃப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. விமானப் பராமரிப்புப் பொறியாளராக நான் வேலை பார்த்த காலம் முழுவதும் என் சட்டைப்பையில் இருந்த உரிமம் அந்த அலுவலகம் கொடுத்தது. அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளும் அதிகாரமும் அதற்கு இருந்தது. ஆகவே அதன்மேல் எனக்கு மரியாதையும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில், அதன் வேலை அல்லாதவற்றை விலக்கிவிடலாம். டிக்கெட் விலையை டிஜிசிஏ நிர்ணயிப்பதில்லை. 1953ஆம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டம் 1994இல் நீக்கப்பட்ட பிறகு, கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. இயக்குநரகம் அதைக் கண்காணிக்கலாம், அவ்வளவே. கொரோனா காலத்திலும் 2025 டிசம்பரிலும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது அமைச்சகம். விமான நிலைய வாசலில் நம் பையைச் சோதிப்பவர்கள் வேறொரு பாதுகாப்பு அமைப்பின் விதிகளின்படி சோதிக்கிறார்கள். சென்னை போன்ற பெரிய நிலையங்களில் பயணியிடம் வாங்கும் பயன்பாட்டுக் கட்டணத்தைத் தீர்மானிப்பது 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம். வான்வழியைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் விமான நிலைய ஆணையத்தைச் சேர்ந்தவர்கள். இத்தனையையும் கழித்த பிறகு டிஜிசிஏவிடம் எஞ்சி நிற்பது ஒன்றே ஒன்று: பறப்பது பாதுகாப்பாக நடக்கிறதா என்று பார்ப்பது, நடக்கவில்லை என்றால் நிறுத்துவது.

இந்த ஒரு வேலை, எண்ணற்ற காகிதங்களின் வழியாகவே நடக்கிறது. மதுரைக்குக் கிளம்பும் ஒரு சாதாரண விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடலில் ‘விடி’ என்று தொடங்கும் பதிவு எழுத்துகள் இருக்கும்; அந்தப் பதிவைக் கொடுத்தது இயக்குநரகம். அந்த விமானம் பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழும், அது இன்னும் அந்தத் தகுதியோடு இருக்கிறது என்பதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறு ஆய்வு செய்து உறுதிப்படுத்தும் இன்னொரு சான்றும் வேண்டும். விமான நிறுவனத்துக்குச் சேவை நடத்தும் அனுமதி, பராமரிப்புக் கூடத்துக்கு ஒப்புதல், இறங்கப்போகும் நிலையத்துக்கு உரிமம், முன்னால் அமர்ந்திருக்கும் இருவருக்கும் விமானி உரிமம், அந்த விமான வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதி, செல்லுபடியாகும் மருத்துவச் சான்று என்று வரிசை நீள்கிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று காலாவதியாகி இருந்தாலும், எவ்வளவு நல்ல விமானமாக இருந்தாலும், எவ்வளவு கைதேர்ந்த விமானியாக இருந்தாலும், அது கிளம்பக் கூடாது.

இந்த விதிகள் எல்லாம் டெல்லியில் யாரோ அமர்ந்து யோசித்து எழுதியவை அல்ல. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையும், அதிலிருந்து பிறந்து மான்ட்ரியலில் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும்தான் மூல ஊற்று. அந்த உடன்படிக்கையின் 19 இணைப்புகளில் விமானி உரிமம் முதல் விபத்து விசாரணை வரை உலகத் தரம் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டமாக்கி, அமல்படுத்த ஓர் அமைப்பை வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டமும் 1937ஆம் ஆண்டின் விதிகளும்தான் நெடுங்காலம் அடித்தளமாக இருந்தன. வியப்பான செய்தி என்னவென்றால், அத்தனை அதிகாரத்தோடு இயங்கிய இந்த இயக்குநரகத்துக்குச் சட்டப்படியான தகுதியே 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் கிடைத்தது. அதே திருத்தம் அபராதத்தின் உச்சவரம்பை 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்த்தியது. பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் நடைமுறையில் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். அது தரையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு விடிகாலையைச் சொல்கிறேன்.

விமானத்தின் வாலில் ஒரு சிறிய துணை இஞ்சின் இருக்கும். எங்கள் பேச்சில் ஏபியு. தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் கொடுப்பது, பெரிய இஞ்சின்களை முடுக்கிவிடுவது எல்லாம் அதன் பொறுப்பு. அது பழுதானாலும் விமானம் பறக்கலாம். தரையிலிருந்து மின்சாரமும் காற்றும் கொடுத்துச் சமாளித்துவிடலாம். சித்திரை மாதத்துச் சென்னையில் கதவு மூடும்வரை உள்ளே வேர்த்துக் கொட்டி, பயணிகள் அத்தனை பேரும் எங்களைத் திட்டித் தீர்ப்பார்கள். ஆயினும் விமானம் பாதுகாப்பானதே. எதெது பழுதாக இருந்தாலும் பறக்கலாம், எத்தனை நாளைக்குப் பறக்கலாம், என்ன நிபந்தனையோடு பறக்கலாம் என்பதை ஒரு பட்டியலாகத் தொகுத்து, அதற்கு இயக்குநரகத்தின் ஒப்புதலையும் வாங்கி வைத்திருப்பார்கள். எம்இஎல் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். பி வகைப் பழுதுக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள் கெடு. ஏபியு பழுது அங்கே சி வகையில் இருந்தது.

அன்று கெடுவின் கடைசி நாள். ஒருமுறை வாங்கக்கூடிய நீட்டிப்பையும் அந்த நிறுவனம் ஏற்கெனவே வாங்கிச் செலவழித்திருந்தது. அவர்களுடைய கணக்கு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியதால், கெடு முடியும் நள்ளிரவு என்பது நமக்கு விடிகாலை ஐந்தரை. விமானம் கிளம்ப வேண்டியது ஐந்தே காலுக்கு. உணவு வண்டி தாமதமாக வந்ததால் கடிகாரம் ஐந்து இருபத்தைந்தைத் தொட்டுவிட்டது; கதவு இன்னும் மூடவில்லை.

“அஞ்சு நிமிஷம்தானே சார், யார் பாக்கப் போறாங்க?” என்றார் பணிமேலாளர்.

என் மூத்த பொறியாளர் லாக் புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். “யாரும் பாக்க மாட்டாங்க தம்பி. ஆனா எழுதப்போறது என் லைசென்ஸ் நம்பர். வேற மெஷின் கேட்டு வாங்குங்க.”

வேறு விமானம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பயணிகளிடம் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று அறிவித்தார்கள். அது பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. டிஜிசிஏ அதிகாரி எவரும் அன்று அங்கே இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சம்பளம் கொடுப்பது நிறுவனம், உரிமம் கொடுப்பது அரசு என்ற இந்தப் பிரிவினையால்தான் அந்த மனிதரால் அவ்வளவு அமைதியாக மறுக்க முடிந்தது. ஒழுங்குமுறை அமைப்பின் உண்மையான பலம் அபராதத் தொகையில் இருப்பதாக நான் நினைப்பதில்லை. தன் ஆள் யாரும் இல்லாத இடத்திலும் ஒருவர் மறுப்புச் சொல்லும்படி உரிமத்துக்கு அது ஏற்படுத்தி வைத்திருக்கும் மதிப்பில் இருக்கிறது.

அந்த மதிப்பு சரிந்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல், தலைமை விமானியாக உயர வழிசெய்யும் உயர் உரிமத்துக்கு 1,500 மணி நேரம், அதோடு வானிலை, வழிகாட்டல், விமான விதிகள் எனத் தேர்வுகள். 2011இல், முன்சக்கரம் முதலில் தரையைத் தொடும்படி இறக்கிய ஒரு விமானியின் ஆவணங்களைத் தோண்டியபோது மதிப்பெண் பட்டியலே போலி என்று தெரிந்தது. அதைத் தொடர்ந்து மேலும் சிலர் பிடிபட்டார்கள். இயக்குநரகத்தின் உள்ளிருந்தவரும் கைதானார். பின்னர் உரிமங்கள் மீண்டும் சரிபார்க்கப்பட்டன. நல்ல வேளையாக அந்தக் கதை ஓர் இறங்கலோடு வெளிப்பட்டது, விபத்தோடு அல்ல.

இனி நான் அதிகம் எழுத விரும்பும் இடத்துக்கு வருகிறேன்: விமானிகளின் தூக்கம்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரு மலைமேட்டு ஓடுபாதையைத் தாண்டி விழுந்ததில் 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள். குரல்பதிவுக் கருவியை ஆராய்ந்த விசாரணை நீதிமன்றம், தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கியிருந்ததையும், விழித்த பிறகும் அந்த உறக்கக் கலக்கம் அவருடைய முடிவுகளைப் பாதித்ததையும் பதிவு செய்தது. களைப்பு என்பது சோம்பேறித்தனம் அல்ல, அது ஒரு தொழில்நுட்ப அபாயம் என்று இந்தியாவில் உரக்கப் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான். விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்ற விதிகளை இயக்குநரகம் பலமுறை திருத்தியிருக்கிறது. 2024 ஜனவரியில் அது வெளியிட்ட திருத்தம்தான் அவற்றுள் மிகக் கண்டிப்பானது. வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. ‘இரவு’ என்பது நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணி வரை என்று இருந்தது ஆறு மணி வரை நீண்டது. இரவுப் பணியில் தரையிறக்கங்களின் உச்சவரம்பு ஆறிலிருந்து இரண்டாகச் சுருங்கியது.

வெளியில் இருப்பவருக்கு இவை சின்ன எண்கள். அட்டவணை போடுபவருக்கோ ஒவ்வொன்றும் கோடிக் கணக்கான ரூபாய். இரவு ஒரு மணி நேரம் நீண்டால், விடிகாலை நாலரைக்குப் புறப்பட வேண்டிய ஆட்களின் கணக்கு மாறும். தரையிறக்கம் இரண்டு என்றால், ஒரே குழுவை வைத்து இரவில் மூன்று நான்கு ஊர்களைத் தொட முடியாது. கூடுதல் விமானிகள் வேண்டும், அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க மாதங்கள் ஆகும். நிறுவனங்கள் எதிர்த்தன. 2024 ஜூன் 1 அன்று வந்திருக்க வேண்டிய விதிகளை இயக்குநரகம் நிறுத்தி வைத்தது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறின. கடைசியில் 22 பிரிவுகளில் 15ஐ 2025 ஜூலை 1 முதலும், மீதியை நவம்பர் 1 முதலும் அமல்படுத்துவதாக இயக்குநரகம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஆக, எல்லா நிறுவனங்களுக்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது.

அதன் பிறகு நடந்தது நாடறிந்த கதை. உள்நாட்டுச் சந்தையில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் கையில் வைத்திருக்கும் இண்டிகோ, 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ரத்தானவை ஆயிரத்துக்கும் மேல். நிலையங்களில் மக்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள், பெட்டிகள் மலையாகக் குவிந்தன. அதே டிசம்பர் 5 அன்று, அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது இயக்குநரகம். வாராந்தர ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற பிரிவை எல்லா நிறுவனங்களுக்குமே திரும்பப் பெற்றது. பிறகு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரிக்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ் போனது, அட்டவணையில் பத்து விழுக்காட்டைக் குறைக்க உத்தரவு வந்தது, இயக்குநரகத்தின் ஒப்பந்த ஆய்வாளர்கள் நால்வர் வேலையிழந்தார்கள்.

அந்த விலக்கைக் கொடுக்காமல் இருந்திருக்க முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டிசம்பர் 5 அன்று முடிந்திருக்காது என்பதுதான் என் கருத்து. லட்சக்கணக்கானவர்களை நடுவழியில் நிறுத்திவிட்டு விதியைக் கட்டிக்கொண்டு இருக்க எந்த அரசும் விடாது. தவறு நடந்தது அதற்கு முன்பு. குளிர்கால அட்டவணைக்கு ஒப்புதல் கொடுப்பது இதே இயக்குநரகம். நவம்பர் 1 முதல் எத்தனை விமானிகள் தேவைப்படுவார்கள், நிறுவனத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கேட்கப்படும் விமானங்களின் எண்ணிக்கைக்கு இது போதுமா என்ற மூன்று கேள்விகளை அக்டோபரில் கேட்டு, போதாது என்று தெரிந்திருந்தால் அந்த அளவுக்கு அட்டவணையை வெட்டியிருக்க வேண்டும். டிசம்பரில் வெட்டிய பத்து விழுக்காட்டை அக்டோபரிலேயே வெட்டியிருந்தால் அது ஒரு சின்னச் செய்தியாக உள்பக்கத்தில் வந்து போயிருக்கும். விதியை எழுதிவிட்டு, அதைக் கடைப்பிடிக்கும் ஆற்றல் எதிரில் இருப்பவருக்கு இருக்கிறதா என்று சோதிக்காமல் விட்டால், அது ஏட்டுச் சுரைக்காய்.

ஏன் கேட்கவில்லை? உள்நோக்கம் கற்பிக்க எனக்கு விருப்பமில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டுமல்லவா. 2025இல் நாடாளுமன்றக் குழு ஒன்று தந்த அறிக்கையின்படி, டிஜிசிஏவில் அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் நிரப்பப்பட்டிருந்தவை 553. ஏறத்தாழப் பாதி நாற்காலிகள் காலி. இது புதிய நோயும் அல்ல. 2014 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ, இந்தியாவின் பாதுகாப்புக் கண்காணிப்பை முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. நம் விமானங்கள் மோசம் என்பதல்ல அதன் பொருள். அவற்றை மேற்பார்வை செய்யத் தகுதியான ஆய்வாளர்கள் அரசிடம் போதுமான அளவு இல்லை என்பதுதான். அந்தத் தரமிறக்கம் நீடித்தவரை இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய விமானங்களைச் சேர்க்க முடியவில்லை. ஓராண்டுக்கும் மேல் ஓடியாடி, ஆய்வாளர்களைச் சேர்த்த பிறகு, 2015 ஏப்ரலில் முதல் தரம் திரும்பக் கிடைத்தது. வெளியார் பார்வை இருந்தபோது நிரம்பிய நாற்காலிகள், பார்வை விலகியதும் மெல்லக் காலியாகிவிட்டன போலும்.

விமானம் ஓட்டும் தரத்தைச் சோதிக்கும் ஆய்வாளர், தாமே அனுபவமிக்க விமானியாக இருக்க வேண்டும். காக்பிட்டில் பின்னிருக்கையில் அமர்ந்து, முன்னால் இருப்பவர் செய்வது சரியா என்று கணிப்பது கோப்பு படித்து வரும் திறமை அல்ல. ஆனால் அப்படிப்பட்டவருக்கு விமான நிறுவனம் கொடுக்கும் ஊதியத்தை அரசின் சம்பள விகிதத்தில் கொடுக்க முடியாது. எனவே ஒப்பந்த அடிப்படையில் நிறுவனங்களிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். நேற்று ஒரு நிறுவனத்தில் பறந்தவர் இன்று அதையே ஆய்வு செய்கிறார், ஒப்பந்தம் முடிந்தால் நாளை அங்கேயே திரும்பலாம். பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆனாலும் தனிமனித நேர்மையை நம்பி ஓர் அமைப்பைக் கட்டக் கூடாது என்பதுதான் விமானத்துறையின் பாலபாடம். எங்கள் வேலையில் முக்கியமான ஒரு பாகத்தை ஒருவர் பொருத்தினால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதலாமவரை நம்பாததால் அல்ல.

குறைகளை மட்டும் அடுக்கினால் நியாயமாகாது. 2018 மார்ச்சில், ஏ320 நியோ விமானங்களில் பொருத்தப்பட்ட பிராட் அண்ட் விட்னி இஞ்சின்களில் ஒரு குறிப்பிட்ட தொகுதிக்குச் சீல் கோளாறு இருப்பது தெரிந்திருந்தது. இரண்டு இஞ்சின்களும் அந்தத் தொகுதியாக இருந்தால் பறக்கக் கூடாது என்பது ஐரோப்பிய அமைப்பின் நிலை. அகமதாபாதிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தில் இஞ்சின் நின்றதும், ஓர் இஞ்சின் இருந்தாலும் கூடாது என்று டிஜிசிஏ ஒரு படி மேலே போய், இண்டிகோ, கோஏர் இரண்டிலுமாக 11 விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது. மறு ஆண்டு மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் போயிங் 737 மேக்ஸ் விழுந்தபோது, அமெரிக்கா தடை விதிப்பதற்கு முன்பே, 12ஆம் தேதி இரவு இந்தியா தடையை அறிவித்தது. அந்த விமானத்தைச் சான்றளித்த அமெரிக்க அமைப்பு, சோதனைப் பணியின் பெரும்பங்கைத் தயாரிப்பாளரின் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது பின்னர் வெளியானது. உலகமே முன்மாதிரியாகக் கொண்டிருந்த அமைப்புக்கும் அந்தச் சறுக்கல் நேர்ந்தது. இந்தியாவில் மேக்ஸ் மீண்டும் பறக்க 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விபத்து விசாரணையையும் ஒரு காலத்தில் இதே இயக்குநரகம்தான் செய்துவந்தது. விபத்துக்கான காரணங்களில் மேற்பார்வைக் குறைவும் ஒன்றாக இருந்தால், மேற்பார்வையாளரே எப்படி விசாரிப்பது? மங்களூருவுக்குப் பிறகு, 2012இல், விமான விபத்து விசாரணைக்குத் தனி அமைப்பு உருவானது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாதில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்ததை விசாரிப்பது அந்த அமைப்புதான். புறப்பட்ட சில நொடிகளில் இரண்டு எரிபொருள் சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்கு மாறின என்று அதன் முதற்கட்ட அறிக்கை சொன்னது. அந்தச் சுவிட்சுகளின் பூட்டு அமைப்பைப் பற்றி எஃப்ஏஏ 2018இல் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தது. ஆனால் அது ஆலோசனை, கட்டளை அல்ல. எங்கள் தொழிலில் இந்த வேறுபாடு பெரியது. கட்டளை வந்தால் குறித்த நாளுக்குள் செய்தே தீர வேண்டும், செய்யாத விமானம் பறக்காது. ஆலோசனையைப் படித்துவிட்டு நிறுவனம் தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம். அறிக்கை வெளியான சில நாட்களில், ஜூலை 14 அன்று, சம்பந்தப்பட்ட போயிங் விமானங்கள் அனைத்திலும் அந்தப் பூட்டைச் சோதிக்க வேண்டும் என்று டிஜிசிஏ உத்தரவிட்டது. அதனால் விபத்தின் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. ஐயத்தைத் தீர்த்துவிட்டுப் பறக்கச் சொல்வது ஒழுங்குமுறையாளரின் வேலை, காரணம் கண்டுபிடிப்பது விசாரணையாளரின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தொலைக்காட்சிகளில் நடந்த விவாதங்களைப் பார்த்தபோது ஒலியைக் குறைத்துவிடத்தான் தோன்றியது.

நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கக்கூடிய ஒன்று, 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம். ஹைட்ராலிக் கோளாறு தெரிந்ததும் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானிலேயே வட்டமடித்தது. ‘ஏன் உடனே இறக்கவில்லை’ என்று பதறியவர்களுக்கு விடை எளியது: அந்த 737 வகை விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது, எடை குறைய, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். 141 பயணிகளும் நலமாக இறங்கினார்கள். ஊரே விமானிகளைக் கொண்டாடியது, சரிதான். அவர்கள் அன்று பின்பற்றிய ஒவ்வொரு படியும் முன்கூட்டியே எழுதப்பட்டு, சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கூண்டில் பலமுறை ஒத்திகை பார்க்கப்பட்டது; அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, அதில் தேறாதவரின் தகுதியைப் புதுப்பிக்க மறுப்பது இந்த விதிகள்தான். நன்றாக முடிந்த நாளில் அந்த அலுவலகத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை.

பயணிக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு இது தெரிவதில்லை. இயக்குநரகத்தின் விதிப்படி, உறுதியான டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தும் இடம் நிரம்பிவிட்டதென்று உங்களை ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் தராவிட்டால் இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரண்டு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கு மேல் ஆனால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000. உரிய முன்னறிவிப்பின்றி ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அல்லது கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். புயல், போராட்டம் போன்ற நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. நிறுவனங்கள் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொள்வதும் அந்தப் பிரிவைத்தான். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, சுதந்திரம் பற்றி. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் 1972 முதல் இயங்குகிறது. துறையிடமிருந்து வாங்கும் கட்டணங்களில் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. இந்தியாவிலும் அதுபோலத் தன்னாட்சி ஆணையம் ஒன்றை அமைக்க 2013இல் மக்களவையில் மசோதா வந்தது. மறு ஆண்டு அவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. இப்போதைய சட்டத்திலும் இயக்குநரகம் மத்திய அரசின் மேற்பார்வைக்கு உட்பட்டதுதான். அதன் தலைமைப் பொறுப்புக்குப் பெரும்பாலும் ஆட்சிப் பணி அதிகாரிகளே வருகிறார்கள். விமானத் துறையை வளர்ப்பதும், அந்த வளர்ச்சிக்குத் தேவைப்பட்டால் முட்டுக்கட்டை போடுவதும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. சுதந்திரமான சட்டம் வரும்போது வரட்டும். அதற்கு முன் அரசு ஒன்றைச் செய்யலாம்: ஆய்வாளர் பணிக்கு அரசுச் சம்பள விகிதத்திலிருந்து விலக்கு அளித்து, விமான நிறுவனம் கொடுப்பதற்கு ஈடான ஊதியத்தில் நிரந்தரமாக ஆள் எடுத்து, பணிவிலகிய பின் சில ஆண்டுகளுக்குத் தாம் ஆய்வு செய்த நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையையும் வைக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, நிதி அமைச்சகத்தின் ஒப்புதல் போதும். அடுத்த குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும். அதற்குள் எத்தனை நாற்காலிகள் நிரம்புகின்றன என்று பார்க்கலாம்.